கேள்வி-பதில்: லூமனை விடுங்கள், பேட்டரிக் கட்டையைக் கேளுங்கள்

ஐப்பசி நெருங்குகிறது. வந்த கடிதங்களில் பாதி டார்ச் லைட்டைப் பற்றியவை. மிக்சி, மெத்தை பற்றி எழுதியவர்கள் அடுத்த முறை வரை பொறுத்துக்கொள்ளவும்.

இரவில் ஈ.சி.ஆர். சாலையில் சவாரி ஓட்டுகிறேன். டயர் மாற்ற, பானெட்டைத் திறந்து பார்க்க உறுதியான டார்ச் வேண்டும். 500 ரூபாய்க்கு மேல் முடியாது. 50,000 லூமன் டார்ச் ஒன்று 399 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?
*வாடகைக் கார் ஓட்டுநர், அரியாங்குப்பம்*

வாங்காதீர்கள். லூமன் என்பது விளக்கு தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு. உங்கள் காரில் இருப்பது எச்4 ஹாலோஜன் பல்பு என்றால், ஹை பீமில் அது தருவது ஏறத்தாழ 1,650 லூமன். அதையும் கார் பேட்டரியிலிருந்து 60 வாட் இழுத்துக்கொண்டுதான் தருகிறது. 50,000 லூமன் என்றால் அப்படிப்பட்ட முப்பது பல்புகள் உங்கள் உள்ளங்கையில் எரிய வேண்டும். அட்டையில் கூடுதலாக ஒரு பூஜ்யம் அச்சடிக்க யாருக்கும் செலவில்லை.

சக்கர நட்டைக் கழற்ற 100 லூமன் தாராளம். பள்ளத்தில் இறங்கிய காரைச் சுற்றிப் பார்க்க 200, 300 இருந்தால் போதும். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: எட்டு மாதம் தொடாமல் கிடந்த பிறகு இது எரியுமா? எரியாவிட்டால், அதற்கான செல் நள்ளிரவில் மரக்காணம் பெட்டிக்கடையில் கிடைக்குமா? கிடைப்பது ஏ.ஏ. எனப்படும் பென்சில் செல்தான். ஆகவே பென்சில் செல் போடும் ரகமாகவே வாங்குங்கள்.

கடையில் மூடியைத் திருகித் திறந்து உள்ளே பாருங்கள். அதைவிட ஒல்லியான ரிமோட் செல் (ஏ.ஏ.ஏ.) மூன்றைச் செருகும் கறுப்பு பிளாஸ்டிக் கூடு ஒன்று வெளியே வந்தால், அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரு முறை தார்ச் சாலையில் விழுந்தால் அந்தக் கூட்டின் மெல்லிய தகடு நெளிந்துவிடும். அதன் பிறகு அது தட்டினால் எரியும், நிமிர்த்தினால் அணையும். நேராகக் குழாய்க்குள் செல் போடும் ரகத்தில், தடித்த ஸ்பிரிங், மூடியின் திருகில் ஒரு ரப்பர் வளையம், குலுக்கினால் சத்தம் இல்லாமை ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அட்டையில் ‘ஏ.என்.எஸ்.ஐ. எஃப்.எல்.1’ என்று, அதாவது டார்ச்சுகளை அளக்கும் அமெரிக்கத் தரநிலையின் பெயர், இருந்தால் அந்த எண்களுக்கு ஓரளவு மரியாதை கொடுக்கலாம். அந்த அளவுகோலில் ‘தூரம்’ என்பது வெளிச்சம் 0.25 லக்ஸாக, அதாவது பௌர்ணமி நிலவொளி அளவுக்கு, மங்கிப்போகும் இடம். ‘எரியும் நேரம்’ என்பது தொடக்க வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை. ஆகவே 200 மீட்டர் என்று போட்டிருந்தால், அந்த முனையில் நின்று நீங்கள் பேப்பர் படிக்க முடியாது.

இன்னொன்று. டயர் மாற்ற இரண்டு கையும் வேண்டும். டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு ஜாக்கியைச் சுற்றும் ஓட்டுநர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் 500 ரூபாய்க்குள் தலையில் மாட்டும் டார்ச் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டு சித்திரையில் 60 டிகிரியைத் தாண்டும். அதனால் செல்களைக் கழற்றி ஒரு சிறிய உறையில் போட்டு, டார்ச்சோடு சேர்த்து ரப்பர் பேண்டால் கட்டி, சீட்டுக்கு அடியில் வையுங்கள். காசு இடம் கொடுத்தால் 1.5 வோல்ட் லித்தியம் பென்சில் செல் வாங்கலாம். சார்ஜ் செய்ய முடியாத ரகம்தான், விலையும் கூடுதல். ஆனால் ஆண்டுக்கணக்கில் கெடாமல் கிடக்கும், கசிவதும் அபூர்வம்.

கைபேசியிலேயே டார்ச் இருக்கும்போது தனியாக எதற்கு?
*கல்லூரி மாணவர், காலாப்பட்டு*

நடுவழியில் வண்டி நின்றால் மெக்கானிக்கைக் கூப்பிடவும் அந்தக் கைபேசியில் சார்ஜ் வேண்டும்.

சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி. இரவு ஷிப்டில் கரைப்பான் தொட்டிகளைப் பார்க்க டார்ச் தேவை. கம்பெனி தருவதில்லை. 300 ரூபாயில் நல்லதாக ஒன்று சொல்லுங்கள்.
*கடலூர்*

சொல்ல மாட்டேன். அந்த இடத்துக்கு நீங்கள் டார்ச் வாங்கவே கூடாது.

கரைப்பானின் ஆவி நிற்கும் இடத்தில் தீப்பிடிக்கச் சாதாரண டார்ச்சின் சுவிட்ச் போடும் சிறு பொறி போதும். அங்கே எடுத்துச்செல்ல வேண்டியது சான்று பெற்ற ஃபிளேம்ப்ரூஃப் டார்ச், அதாவது உள்ளே எழும் பொறி வெளியே தீ வைக்காத ரகம். உடம்பிலேயே ‘எக்ஸ்’ குறியும் எந்த அபாய மண்டலத்துக்கு ஏற்றது என்பதும் பொறிக்கப்பட்டிருக்கும். இந்தியாவில் இதற்கு ஒப்புதல் தருவது பெசோ என்னும் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. ‘வாட்டர்ப்ரூஃப்’, ‘ஹெவி டியூட்டி’ என்றெல்லாம் அச்சடித்திருப்பது இதற்கு ஈடாகாது. தீப்பற்றும் வாயுவோ ஆவியோ இருக்கக்கூடிய தொட்டிக்குள் ஃபிளேம்ப்ரூஃப் அல்லாத விளக்கை அனுமதிக்கக் கூடாது என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 36ஏ பிரிவிலேயே எழுதி வைத்தார்கள். அதை வாங்கித் தர வேண்டியது உங்கள் சட்டைப்பை அல்ல. பாதுகாப்பு அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். தரும் வரை அந்தத் தொட்டிப் பக்கம் எந்த டார்ச்சோடும் போகாதீர்கள், கைபேசியோடும் போகாதீர்கள்.

பகலில் தெளிவாகத் தெரியும் வயர்கள் டார்ச் வெளிச்சத்தில் சிவப்பா பழுப்பா என்று குழப்புகின்றன. கண்ணில் கோளாறா?
*எலக்ட்ரீஷியன், லாஸ்பேட்டை*

டார்ச்சில் கோளாறு. மலிவான எல்.இ.டி.யின் வெள்ளையில் நீலம் தூக்கலாக இருக்கும், சிவப்பு செத்துக் கிடக்கும். நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதைச் சொல்லும் சி.ஆர்.ஐ. 90-க்கு மேல், வெள்ளையின் சாயலைச் சொல்லும் கெல்வின் 4,000 முதல் 5,000 என்று போட்டிருப்பதை வாங்குங்கள். வெளிச்சம் சற்றுக் குறையும், நிறம் நிறமாகத் தெரியும். அட்டையில் எதுவும் எழுதவில்லை என்றால் கடையிலேயே உள்ளங்கையில் அடித்துப் பாருங்கள்: கை சாம்பல் பூத்துத் தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். எந்த வெளிச்சமானாலும் டெஸ்டர் வைக்காமல் வயரைத் தொடாதீர்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பிளக்கில் நேராகச் செருகிச் சார்ஜ் செய்யும் டார்ச் வைத்திருந்தேன். 2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயல் இரவில் எடுத்தால் எரியவில்லை. வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதிகம் பயன்படுத்தவும் இல்லை.
*இல்லத்தரசி, முத்தியால்பேட்டை*

அதிகம் பயன்படுத்தாததால்தான் செத்தது. இந்த ரகத்தின் மீது எனக்குத் தீராத பகை உண்டு. கொஞ்சம் நீளமாகவே சொல்லிவிடுகிறேன்.

பின்பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். கட்டைவிரலால் தள்ளினால் இரண்டு பித்தளை முனைகள் எட்டிப் பார்க்கும். கடைக்காரர் அதைத் தள்ளிக் காட்டியவுடன் ‘அட, செல்லே வாங்க வேண்டாம்’ என்று நாம் மயங்கிவிடுகிறோம். உள்ளே இருப்பது பெரும்பாலும் 4 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி. அது பீரோவில் சும்மா கிடக்கும்போதே தானாகச் சார்ஜ் இறங்கும். இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் விட்டால் தகடுகளின் மேல் ஈய சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு இரவு முழுக்கச் செருகி வைத்தாலும் சிவப்பு விளக்கு மட்டும் கம்பீரமாக எரியுமே தவிர, பேட்டரி எதையும் வாங்கிக்கொள்ளாது. அது எரிவதைப் பார்த்து ‘சார்ஜ் ஏறுகிறது’ என்று நிம்மதியாகப் படுத்துவிடுவோம்.

இரண்டாவது குற்றம் இன்னும் மோசம். மலிவு ரகங்களில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. ஒரு கெபாசிட்டரை வைத்து வீட்டு மின்சாரத்தை அப்படியே இறக்குகிறார்கள். உடம்பில் விரிசல் விட்ட டார்ச்சைப் பிளக்கில் இருக்கும்போது தொட்டால், நீங்கள் தொடுவது 230 வோல்ட்டாக இருக்கலாம். குழந்தைகள் உள்ள வீட்டில் இது வேண்டவே வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, புயலுக்கென்று வாங்கும் விளக்குக்கு மின்சாரம் இருந்தால்தான் உயிர் என்றால் அதை வாங்குவதன் பொருள் என்ன? 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடந்தபோது கடலூர் மாவட்டத்துக் கிராமங்கள் பலவற்றில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அன்று பயன்பட்டது கடையில் செல் வாங்கிப் போட முடிந்த டார்ச்தான். யு.எஸ்.பி. வயரில் சார்ஜ் ஆகும் புதிய லித்தியம் டார்ச்சுகள் இவற்றைவிட மேல், காரிலும் பவர் பேங்கிலும் செருகலாம். ஆனால் அதிலும் செல்லைக் கழற்றி மாற்ற முடிகிற ரகமாகப் பாருங்கள். முழுவதும் ஒட்டி மூடியதாக இருந்தால் செல் போன அன்று டார்ச்சும் குப்பை.

வாரண்டி முடியவில்லை என்றால் பில்லோடு கடைக்குப் போங்கள். முடிந்துவிட்டதென்றால், பழைய பேட்டரியைக் குப்பையில் எறியாமல் பேட்டரிக் கடையில் கொடுங்கள். ஈயம் மண்ணுக்குப் போகக் கூடாது. நானும் கைப்பிடியைச் சுற்றினால் எரியும் டார்ச் ஒன்றை ரயிலில் வாங்கியவன்தான். சுற்றிச் சுற்றிக் கைதான் எரிந்தது.

பில்லில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அச்சடித்திருக்கிறது. டார்ச் வாங்கிய நான்காம் நாளே பழுது. கடைக்காரர் அந்த வரியைக் காட்டுகிறார்.
*நெல்லிக்குப்பம்*

நீங்கள் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டுங்கள். பழுதான பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. அந்த வரியை அச்சடித்த மை வீண்.

கைபேசி விளம்பரத்தைப் பார்த்து 1,299 ரூபாய்க்கு ‘போலீஸ் டார்ச்’ கேட்டிருந்தேன். பார்சல் வந்ததும் பணம் கொடுத்தேன். பிரித்தால் சாவிக்கொத்து டார்ச். அவர்கள் போனை எடுப்பதில்லை. மகன் என்னைத்தான் திட்டுகிறான்.
*ஓய்வுபெற்ற ஆசிரியை, திருப்பாதிரிப்புலியூர்*

மகனைச் சும்மா இருக்கச் சொல்லுங்கள், அம்மா. படித்தவர், படிக்காதவர் என்று பார்த்து இவர்கள் ஏமாற்றுவதில்லை. காத்திருந்து நியாயமாகப் பணம் கொடுத்தவர் நீங்கள். வெட்கப்பட வேண்டியவர்கள் அவர்கள்.

பார்சல் உறையை எறிந்துவிடாதீர்கள். அதில் ஒட்டிய சீட்டில் அனுப்பியவர் பெயர், முகவரி, கூரியர் எண் இருக்கும். பல சமயம் எடையும் இருக்கும். சில நூறு கிராம் கனக்க வேண்டிய டார்ச்சுக்கு 80 கிராம் என்று போட்டிருந்தால் அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். சீட்டு, டார்ச், விளம்பரம் மூன்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிட்டுப் புகாரைப் பதிவு செய்யுங்கள். விற்றவரே போலி என்று தெரிந்தால் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கும் சொல்லுங்கள். பணத்தை வாங்கிச் சென்றது கூரியர் நிறுவனம் என்பதால், அவர்களுக்கும் எழுத்தில் ஒரு புகார் போகட்டும்.

இதிலும் வழி பிறக்காவிட்டால் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டு வரை அவகாசம் உண்டு. இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக வீட்டிலிருந்தே அனுப்பலாம். அந்த வேலையை மகனிடம் கொடுங்கள்.

புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமை சந்தையில் டார்ச் வாங்கினேன். பில் கேட்கவில்லை. அவசரத்தில் எரிய வைத்தும் பார்க்கவில்லை. வீட்டில் எரியவில்லை. என்ன செய்யலாம்?
*வில்லியனூர்*

ஒன்றும் செய்ய முடியாது. சென்ற ஆண்டு அயர்ன் பாக்ஸைப் பற்றி இதே கடிதத்தை நீங்கள் எழுதியதாக நினைவு.

கடலுக்குப் போகும்போது எடுத்துச்செல்லும் டார்ச் இரண்டு மாதத்தில் துருப்பிடிக்கிறது. ‘ஐ.பி.எக்ஸ்.7’ என்று போட்டிருந்தும் இப்படி.
*மீனவர், தேவனாம்பட்டினம்*

அந்த 7 சொல்வது, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதுதான். நல்ல தண்ணீரில் செய்யும் சோதனை அது. உப்பைப் பற்றி வாக்குறுதி இல்லை. கரைக்கு வந்ததும் மூடியைத் திறக்காமல் நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். காய்ந்த பிறகு திறந்து, ரப்பர் வளையத்தில் சிலிகான் கிரீஸ் ஒரு பொட்டுத் தடவுங்கள். முகப்பை இழுத்து ஒளியைக் குவிக்கும் ஜூம் ரகம் வேண்டாம். அந்த இடைவெளி வழியாகத்தான் தண்ணீர் இறங்குகிறது.

அப்பாவின் பித்தளை டார்ச்சுக்குள் செல் கசிந்து வெள்ளையாகப் பூத்திருக்கிறது. தூக்கிப் போட்டுவிடலாமா?
*பண்ருட்டி*

கூடாது. ஆல்கலைன் செல் என்றால் கசிந்தது காரம். கையுறை போட்டு, பஞ்சில் எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்து, ஈரம் போகக் காய வையுங்கள். பழைய பல்புக்குப் பதில் அதே அடிப்பாகமுள்ள எல்.இ.டி. பல்பை, இரண்டு செல்லுக்கு 3 வோல்ட் என்று சொல்லிக் கேளுங்கள். இனிமேல் புதுச் செல்லோடு பழையதைக் கலந்து போடாதீர்கள். கசிவுக்கு அதுவும் ஒரு காரணம்.

கண்ணாடி உடைக்கும் முனை, மின்னி மின்னி எரியும் ஸ்ட்ரோப், ஐந்து விதமான வெளிச்சம் எல்லாம் உள்ள டார்ச் காருக்கு நல்லதுதானே?
*நெய்வேலி*

டிக்கியில் கிடக்கும் டார்ச் எந்தக் கண்ணாடியையும் உடைக்காது. அதற்கென்று சிறு சுத்தி விற்கிறது. சீட்டிலிருந்து எட்டும் இடத்தில் வைத்து, பக்கக் கண்ணாடியின் மூலையில் அடிக்க வேண்டும். முன்கண்ணாடியில் அடித்துப் பயனில்லை, அது நடுவில் படலம் வைத்து ஒட்டிய கண்ணாடி. ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் ஸ்ட்ரோப்பைக் கடந்து வர வேண்டிய டார்ச்சை நான் இனாமாகக்கூட வாங்க மாட்டேன்.

டார்ச்சுக்கான 18650 என்னும் உருளை லித்தியம் செல்லில் கொள்ளளவு 9,900 எம்.ஏ.ஹெச். என்று போட்டிருக்கிறது. நம்பலாமா?
*உழவர்கரை*

நல்ல நிறுவனங்களே அந்த அளவுச் செல்லில் 3,500-ஐ ஒட்டித்தான் தருகின்றன. அதைச் சார்ஜரில் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.