அம்மாவின் முதல் திதி: அன்னதானம் மட்டும் போதுமா?

14 வருடம் மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் (எம்.எஸ்.) என்ற நரம்பு நோயோடு வாழ்ந்த அம்மாவுக்கு மே மாதம் முதல் திதி, சொந்தக்காரர்கள் அன்னதானம் போதும் என்கிறார்கள், உங்களுக்கு மனசு ஆறவில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

அன்னதானம் நடக்கட்டும். அதற்காகப் பெரியவர்களோடு மல்லுக்கு நிற்காதீர்கள். அன்றைக்கு வருகிறவர்களிடம் அம்மாவின் நோயைப் பற்றி நாலு வார்த்தை பேசுங்கள். என் அப்பாவுக்கும் இதே நோய்தான். மே மாத வெயிலில் கால் எழும்பாது, சாயங்காலம் காற்று வந்ததும் நடப்பார். "நடிக்கிறார்" என்று சொன்ன சித்தப்பாவே உண்டு! நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறை சிதைந்திருந்தால், உடல் சூடேறும்போது சமிக்ஞை தடுமாறும். அப்பாவின் திவசத்தன்று இதைச் சொன்னபோது சித்தப்பா இலையை விட்டுத் தலை நிமிரவில்லை.

மே 30 உலக எம்.எஸ். தினம். 1985 முதல் இயங்கும் இந்திய மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் சங்கத்துக்குச் சென்னையிலும் கிளை உண்டு. பணமாகக் கொடுக்கலாமா, யாருக்காவது பிசியோதெரபி செலவை ஏற்கலாமா என்று அவர்களிடமே கேளுங்கள். சக்கர நாற்காலியையும் கேட்டுவிட்டே கொடுங்கள், அளவு எல்லோருக்கும் பொருந்தாது. பிரேக்கைச் சரிபார்த்து அனுப்புங்கள்.

அப்புறம், மெரினாவில் சக்கர நாற்காலிக்கான மரப்பாதை 2022இல்தான் வந்தது. அப்பா 2019இலேயே போய்விட்டார். அவர் நினைவு நாளில் அந்தப் பாதையின் கடைசி வரை நடந்துபோய்க் கொஞ்ச நேரம் நிற்பேன். உங்கள் அம்மாவுக்குக் கடல் பிடிக்குமா?