வங்கிக் கவுண்டரில் வேலை பார்த்துக்கொண்டே எதைப் படிப்பது?

கேட்டவர் சிங்கப்பூரில் ஒரு வங்கிக் கிளையில் ஐந்து வருடமாக டெல்லராக இருக்கிறார். பலதுறைத் தொழிற்கல்லூரி டிப்ளமா இருக்கிறது, வயது 29, இரண்டு வயதுக் குழந்தை உண்டு. பகுதிநேரமாகப் படிக்க ஆசை. பட்டப்படிப்பில் சேர்வதா, தொழில்முறைத் தேர்வுகளை எழுதுவதா, எதை முதலில் செய்வது என்று கேட்டிருக்கிறார்.

முதலில் தொழில்முறைத் தேர்வு. பட்டம் எங்கும் ஓடிப்போகாது. நானும் 2007-இல் டெல்லராகச் சேர்ந்தவள்தான். இரண்டையும் இந்த வரிசையில்தான் செய்தேன், அதற்காக ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

ஏன் என்று சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி விழுந்தது. இங்கே அதோடு தொடர்புடைய மினிபாண்ட் என்ற முதலீட்டு நோட்டுகளை வாங்கியிருந்தவர்கள் பலர் வயதானவர்கள். 'பாண்ட்' என்ற பெயரைப் பார்த்து, நிரந்தர வைப்பு மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்து வாங்கியவர்கள். அந்த வாரங்களில் ஒருநாள் பெரியவர் ஒருவர் என் கவுண்டருக்கு வந்தார். அவரிடம் மினிபாண்ட் எதுவும் இல்லை, வெறும் நிரந்தர வைப்புதான். ரசீதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். அதைப் பிரித்து என் முன்னால் தடவி வைத்துவிட்டு, "ஏம்மா, என் காசு இருக்குமா?" என்று கேட்டார். தமிழ் முகத்தைப் பார்த்து என் வரிசையில் வந்து நின்றிருக்கிறார். என்னிடம் பதில் இல்லை. "கேட்டுச் சொல்றேன் ஐயா" என்று உள்ளே போனேன்.

வங்கி விழுந்தாலும் வைப்புப் பணம் ஒரு வரம்புவரை திரும்பக் கிடைக்க வைப்புக் காப்புறுதி என்று ஒன்று இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் முழுதாகத் தெரிந்தது. அப்போது அதன் வரம்பு 20,000 வெள்ளி. அக்டோபரில் அரசாங்கம் எல்லா வைப்புகளுக்கும் 2010 இறுதிவரை உத்தரவாதம் கொடுத்தது, அதன்பிறகுதான் வரிசைகளில் பேச்சு மாறியது. இன்றைக்கு அந்த வரம்பு ஒரு வங்கியில் ஒருவருக்கு 100,000 வெள்ளி, 2024 ஏப்ரல் 1 முதல். வெளிநாட்டு நாணய வைப்புக்கு அது கிடையாது. உங்கள் கிளையில் எத்தனை பேருக்கு இந்தக் கடைசி வாக்கியம் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். பணம் எண்ணத் தெரிந்த எனக்குப் பணத்தைப் பற்றித் தெரியவில்லை. நான் படிக்கத் தொடங்கியது அதனால்தான்.

இப்போது எந்தத் தேர்வு என்பதற்கு வருகிறேன். கவுண்டரிலிருந்து எழுந்து, வாடிக்கையாளருக்கு முதலீடு, காப்புறுதி பற்றி ஆலோசனை சொல்லும் நாற்காலிக்குப் போக வேண்டுமென்றால் நிதி ஆலோசகர் சட்டத்தின்கீழ் பிரதிநிதியாக வேண்டும். அதற்கு, வங்கிகளைக் கண்காணிக்கும் சிங்கப்பூர் நாணய ஆணையம் கேட்கும் தேர்வுகளை எழுதித்தான் ஆக வேண்டும். விதிமுறைகள், நெறிமுறைகள் தாளை வங்கி நிதிக் கழகம், அதாவது நாமெல்லாம் ஐபிஎஃப் என்று சொல்வது, நடத்துகிறது. நான் எழுதியபோது அதன் பெயர் மாட்யூல் 5, இப்போது ஆர்இஎஸ்5. ஆயுள் காப்புறுதி, மருத்துவக் காப்புறுதித் தாள்களை சிங்கப்பூர்க் காப்புறுதிக் கல்லூரி நடத்துகிறது. எல்லாமே சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். எது எது வேண்டும் என்பது நீங்கள் எதை விற்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது, ஆகவே பதிவு செய்யும் முன் உங்கள் மனிதவளத் துறையிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

காப்புறுதித் தாளில் நான் முதல் தடவை தோற்றேன். மாதிரிக் கேள்விகளை மனப்பாடம் செய்துகொண்டு போனதுதான் காரணம். அதே கேள்வியை வேறு மாதிரி திருப்பிக் கேட்டதும் கை ஓடவில்லை. இரண்டாவது தடவை வேறு வழியில் படித்தேன், நீங்களும் அப்படிப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா சமையலறைத் தரையில் பேப்பரை விரித்து நெத்திலி தலை கிள்ளிக்கொண்டிருந்தார். நானும் எதிரே உட்கார்ந்து கிள்ளிக்கொண்டே, அன்று காலை படித்த பாடத்தைத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன்.

"பாலிசிய பாதியில நிறுத்தினா கையில வர்ற தொகைக்குப் பேருதாம்மா சரண்டர் வேல்யூ."

"அப்ப மூணாம் வருஷம் ஆஸ்பத்திரிச் செலவு வந்தா போட்டத எடுத்துக்கலாமா?"

"எடுக்கலாம். ஆனா போட்டதவிடக் கம்மியாத்தான் வரும். சில பாலிசியில முதல் ரெண்டு வருஷம் ஒண்ணுமே வராது."

அம்மா கையிலிருந்த நெத்திலியைக் கீழே வைத்துவிட்டார். "விக்கிறவங்க இத முதல்லயே சொல்வாங்களாடி?"

சொல்ல வேண்டும். பலன் விளக்கப் பட்டியலில் வருடவாரியாக அதற்கென்று ஒரு பத்தியே இருக்கிறது. பாலிசி கைக்கு வந்தபின் 14 நாளுக்குள் மனம் மாறினால் ரத்து செய்யலாம் என்பதும் இருக்கிறது. இதையெல்லாம் புத்தகத்தில் நான் கோடு போட்டுப் படித்திருந்தேன். ஆனால் அம்மாவுக்குச் சொல்ல வாயைத் திறந்தபோதுதான் எனக்கு எது புரிந்திருக்கிறது, எது புரியவில்லை என்று தெரிந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பாடத்தையும் அம்மாவிடம் தமிழில் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனேன். அம்மா மடக்கிய இடங்களைச் சிவப்பில் குறித்துக்கொண்டேன். தேர்வுக்கு முந்தைய நாள் அந்தச் சிவப்புக் குறிகளை மட்டும்தான் புரட்டினேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வயது 62 அல்லது அதற்கு மேல், ஆங்கிலம் சரளமாக வராது, படிப்பு சாதாரண நிலை, வழக்க நிலைத் தேர்வுகளுக்குக் கீழே. இந்த மூன்றில் இரண்டு பொருந்தினால் அந்த வாடிக்கையாளருக்குக் கூடுதல் பாதுகாப்பு தர வேண்டும் என்பது விதி. நம்பிக்கையான ஒருவரை உடன் அழைத்துவரச் சொல்வது, விற்பனையைத் தனியாகச் சரிபார்ப்பது எல்லாம் அதில் வரும். என் அம்மாவுக்கு மூன்றுமே பொருந்தும். நம் சமூகத்துப் பெரியவர்கள் எத்தனை பேர் அந்த வரையறைக்குள் வருவார்கள் என்று யோசியுங்கள். அவர்கள் மொழியில் சரியாக விளக்கத் தெரிந்த ஒருவர் கிளையில் இருப்பது சாதாரண விஷயம் இல்லை. நீங்கள் அப்படி ஒருவராக முடியும்.

சரி, நேரத்துக்கு வருவோம். மூளையைவிட ரோஸ்டர், அதாவது பணிநேர அட்டவணைதான் பெரிய தடை. பேரங்காடியில் இருக்கும் கிளை என்றால் காலை 11 முதல் இரவு 7 வரை திறந்திருக்கும், ஞாயிறும் இருக்கலாம். மாலை வகுப்போ 7 மணிக்குத் தொடங்கும். 7 மணிக்குக் கதவை இழுத்துவிட்டுக் கணக்கு முடிக்காமல் கிளம்ப முடியாது. எனக்கு ஒருநாள் 50 வெள்ளி இடித்தது. பெட்டியைக் கொட்டி மூன்று முறை எண்ணினோம். புது நோட்டு இரண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தபோது மணி 8.20, தேர்வுக்கு முன் இருந்த கடைசி வகுப்பு பாதி முடிந்திருந்தது. அடுத்த நாளே மேலாளரிடம் போய், வாரத்தில் இரண்டு நாள் அலுவலக நேரக் கிளைக்கு மாற்றிக் கொடுங்கள், பதிலுக்கு ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன் என்றேன். ஒத்துக்கொண்டார். கட்டணம் கட்டுவதற்கு முன்பே இதைப் பேசிவிடுங்கள். கட்டிவிட்டுக் கேட்டால் அது கெஞ்சுவது மாதிரி ஆகிவிடும். குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்பதையும் அப்படியே நாள்வாரியாக வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். "பாத்துக்கலாம்" என்று விட்டால் மூன்றாம் வாரமே வகுப்பு தவறும்.

மற்ற படிப்புகள். சிறு தொழில்களுக்குக் கடன் கொடுக்கும் பக்கம் போக ஆசை என்றால் ஏசிசிஏ என்ற கணக்கியல் தகுதி நல்லது. 13 தாள், வருடத்துக்கு நான்கு முறை எழுதலாம், டிப்ளமாவைப் பொறுத்துச் சில தாள்களில் விலக்கும் கிடைக்கும். வாடிக்கையாளர் குடும்பங்களுக்கு முழுநேர நிதித் திட்டமிடல்தான் விருப்பம் என்றால் சிஎஃப்பி என்ற நிதித் திட்டமிடல் தகுதி. சிஎஃப்ஏ பற்றி எல்லோரும் சொல்வார்கள். மூன்று நிலை, ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 300 மணி நேரம் படிக்க வேண்டும் என்று நடத்துபவர்களே சொல்கிறார்கள். முதலீட்டு ஆய்வு வேலைக்கு அது வேண்டும். கிளையில் இருந்துகொண்டு, இரண்டு வயதுக் குழந்தையோடு, இப்போதைக்கு வேண்டாம் என்பேன்.

பணம். குடிமகன் என்றால் 25 வயதில் கிடைத்த 500 வெள்ளி, பயிற்சிக்காக அரசாங்கம் தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் மிச்சம் இருக்கிறதா பாருங்கள் (40 வயதானால் இன்னும் 4,000 வெள்ளி வரும்). ஐபிஎஃப் அங்கீகரித்த பாடங்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. தொழிற்சங்க உறுப்பினர் என்றால் பயிற்சிக் கட்டணத்தில் உங்கள் கைக்காசில் பாதி, வருடத்துக்கு 250 வெள்ளிவரை திரும்ப வரும். வங்கியே கட்டும் என்றால் ஒப்பந்தத்தில் பாண்ட், அதாவது வேலையை விடாமல் இருக்க வேண்டிய காலம், எத்தனை வருடம் என்று கையெழுத்துக்கு முன் படியுங்கள். அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்ட என் தோழி நல்ல வேலை ஒன்று வந்தபோது போக முடியாமல் பதினோரு மாதம் காத்திருந்தாள்.

பட்டம் பிறகு வரட்டும் என்றேன் அல்லவா. நான் கிளமென்டி ரோட்டில் பகுதிநேரமாகச் சேர்ந்தபோது யூனிசிம், முடிக்கும்போது பெயர் மாறி சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம் ஆகியிருந்தது. அதற்குள் நான் ஆலோசனை மேசைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது, சம்பளமும் கூடியிருந்தது, வகுப்பில் சொன்னது ஒவ்வொன்றுக்கும் எனக்கு ஒரு வாடிக்கையாளர் முகம் நினைவுக்கு வந்தது. கவுண்டரிலிருந்து நேராகப் போயிருந்தால் அது பாதிகூட எனக்குள் இறங்கியிருக்காது.

அடுத்த மாத ரோஸ்டர் எப்போது போடுகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு வாரம் முன்னால் மேலாளரைப் பாருங்கள். முதல் தாளுக்கு எட்டு வாரம் ஒதுக்கினால் போதும். வீட்டில் அம்மாவோ மாமியாரோ இருந்தால் இன்றைக்கே அந்த 100,000 வெள்ளி விஷயத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். எங்கே மடக்கினார்கள் என்று கருத்துப் பெட்டியில் எழுதுங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.