புரொஜெக்டரில் நிறம் ஏன் வெளுத்துத் தெரிகிறது?

மதுரையில் மாடி அறையில் புரொஜெக்டர் மாட்டியிருப்பதாகவும், டிவியில் பளிச்சென்று தெரியும் நிறம் இதில் வெளுத்துப்போவதாகவும் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அறையைப் பாருங்கள். புரொஜெக்டரால் கறுப்பைப் பாய்ச்ச முடியாது; ஒளி விழாத இடம்தான் அதற்குக் கறுப்பு. நம்மூர் வெயில் ஜன்னல் இடுக்கில் கொஞ்சம் கசிந்தாலும் கறுப்பு சாம்பலாகிவிடும், மற்ற நிறங்களும் சோகை பிடித்துவிடும். தடித்த திரைச்சீலை கட்டாயம் வேண்டும்.

அப்புறம் சுவர். வில்லாபுரத்தில் என் அண்ணன் வீட்டில் இளம்பச்சைச் சுவரில் கல்யாண வீடியோ போட்டோம். மணப்பெண்ணின் தலையில் இருந்த மல்லிகை பச்சை பூத்திருந்தது. அத்தையின் அரக்குச் சுங்குடிச் சேலை காய்ந்த செங்கல் மாதிரி தெரிந்தது. வெள்ளை மேட் திரையைத் தொங்கவிட்டதும் பூ வெள்ளையானது, சேலைக்கு அரக்கு திரும்பியது.

அடுத்து, புரொஜெக்டர் மெனுவில் படத்துக்கான மோடுகளில் 'டைனமிக்' மோடை விட்டுவிடுங்கள். பல புரொஜெக்டர்களில் இருக்கும் பாதரச விளக்கின் ஒளியில் பச்சை அதிகம், சிவப்பு குறைவு. வெளிச்சத்தைக் கூட்டுவதற்காக அந்த மோட் பச்சையை அப்படியே விட்டுவிடும். 'சினிமா' மோடில் வெளிச்சம் குறைந்தாலும் முகத்தின் நிறம் சரியாக வரும். மெனுவில் நிற வெப்பநிலையை, அதாவது வெள்ளை நீலம் தட்டுமா மஞ்சள் தட்டுமா என்பதைத் தீர்மானிக்கும் அளவை, 6500 கெல்வினில் வையுங்கள், வீடியோவுக்கான அளவுகோல் அதுதான்.

புதிதாக வாங்குவதென்றால் ஒன்று. ஒரே சிப் உள்ள டிஎல்பி (நுண்கண்ணாடிச் சிப்பால் படம் காட்டும் வகை) புரொஜெக்டர்கள் பலவற்றில், சுழன்றபடி ஒளிக்கு நிறம் கொடுக்கும் நிறச்சக்கரத்தில் வெள்ளைக்கும் ஒரு பங்கு உண்டு. அதனால் பெட்டியில் போட்டிருக்கும் லூமன் (வெளிச்ச அளவு) கணக்கு வெள்ளைக்கு மட்டுமே பொருந்தும், நிறங்கள் மங்கலாகத்தான் இருக்கும். சிவப்பு, பச்சை, நீலத்துக்குத் தனித்தனியாக மூன்று எல்சிடி உள்ளவற்றில் இந்தக் குறை இல்லை. கடையில் விளம்பரப் படத்தைப் பார்க்காமல், உங்கள் வீட்டு வீடியோவைப் பென் டிரைவில் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள்.