பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்

மகளின் வேலை விஷயமாக என்னிடம் யோசனை கேட்க, அவளோடு சேலத்திலிருந்து வந்த அந்த அம்மா உட்கார்ந்ததுமே கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகள் பி.காம். முடித்துவிட்டாள். சென்னையில் ஓர் ஆர்ட் கேலரியில் உதவியாளராகச் சேரப்போகிறேன் என்கிறாளாம். பெரியப்பா எம்.பி.ஏ. சீட் பார்த்து வைத்துவிட்டு, கடனுக்காக வீட்டுப் பத்திரத்தை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார். "படம் மாட்டுற வேலைக்கா சார் இவ்வளவு படிக்க வச்சோம்?"

தண்ணீர் கொடுத்தேன். அப்புறம் சொன்னேன்: பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.

எம்.பி.ஏ.வின் பெருமையைப் பெரியப்பாவே சொல்லியிருப்பார். எனக்குக் கடன்தான் உறுத்துகிறது. கல்விக்கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கி பொதுவாகச் சொத்தை ஈடாகக் கேட்கும். பெண் கேட்காத படிப்புக்கு வீட்டை ஈடு வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

கேலரியை வீட்டார் மியூசியம் என்று நினைக்கிறார்கள். அது கடை. சென்னையில் 1984-ல் தொடங்கிய அப்பாராவ் கேலரீஸ், மும்பையில் 1963-ல் தொடங்கிய கெமோல்ட் எல்லாமே படம் விற்கும் இடங்கள்தான். ஓவியர் பெரும்பாலும் படத்தைக் கேலரிக்கு விற்பதில்லை, விற்றுத் தரச் சொல்லி ஒப்படைக்கிறார். விற்றால் கமிஷன், சில இடங்களில் விலையில் பாதி வரைகூட. விற்காவிட்டால் படம் திரும்பிப் போகும். எந்தப் படம் சுவரில், எது கிடங்கில், எது வாங்குபவர் வீட்டில் 'வைத்துப் பார்க்க'ப் போயிருக்கிறது என்ற கணக்கு பிசகினால் வம்பு. பி.காமில் போட்ட கன்சைன்மென்ட் கணக்கேதான் இது!

முதல் வருடம் கைவேலைதான் அதிகம். வந்த படத்தைப் பிரித்து, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, சாய விரிசல், மூலை நசுங்கல், பூஞ்சை எல்லாவற்றையும் போட்டோவோடு எழுதி வைக்க வேண்டும். பிறகு தகராறு வந்தால் அந்தத் தாள்தான் சாட்சி. பபுள் ரேப் சாயத்தின்மேல் நேராகப் பட்டால் குமிழித் தடம் விழும், இடையில் கிளாசின் என்ற வழுவழுப்பான மெல்லிய தாள் வேண்டும். அளவு எழுதும்போது உயரம் முதலில், அகலம் அடுத்து. மாற்றி எழுதினால் வாங்கியவர் வீட்டுச் சுவரில் படம் அடங்காது. அச்சுப்படத்தின் ஓரத்தில் 3/25 என்று பென்சிலில் இருந்தால், 25 பிரதிகளில் அது மூன்றாவது. ரவி வர்மா, அம்ரிதா ஷெர்-கில் போன்ற ஓவியர்களின் படைப்புகளை, 1972-ன் தொல்பொருள், கலைப் பொக்கிஷச் சட்டப்படி விற்பனைக்காக வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இதையெல்லாம் யாராவது பாடமாக நடத்துவார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

ஆரம்பச் சம்பளம் குறைவு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் சம்பளமே தராமல் 'அனுபவம் கிடைக்கும்' என்று மட்டும் சொன்னால் மூன்று மாதம்தான் கெடு. ஹாஸ்டல் வாடகையை நீங்கள் கட்ட, அவர்கள் படம் விற்பதா?

அம்மாவை வெளியே உட்காரவைத்துவிட்டு மகளிடம் கேட்டேன்: "உனக்கு வரையணுமா, விக்கணுமா?" வரைய வேண்டும் என்றிருந்தால் இந்த வேலையே வேண்டாம் என்றிருப்பேன். ஊரான் படத்தை நாள் முழுக்கப் பொதி கட்டிவிட்டு ராத்திரியில் தூரிகை எடுக்கக் கை வராது. "விக்கணும் சார். ஒருத்தர் ஒரே படத்துக்கு நாலு தடவை திரும்பி வருவாரே, அவர்கிட்ட பேசணும்" என்றாள்.

டெல்லியில் 2008-ல் தொடங்கிய இந்தியா ஆர்ட் ஃபேர் என்ற கலைச் சந்தை இப்போதெல்லாம் பிப்ரவரியை ஒட்டி நடக்கிறது. அதில் கடை போடும் கேலரிகளுக்கு முந்தைய மாதங்களில் ஆள் தேவைப்படும். அக்டோபரிலேயே விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறேன். பெரியப்பாவின் போன் நம்பரையும் வாங்கி வைத்திருக்கிறேன்.