கர்ப்பகாலத்தில் நடந்தால் குழந்தையின் மூளை வளருமா?

ஆறாம் மாதத்தில் நடைப்பயிற்சி குழந்தையின் மூளைக்கு நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள், சகோதரி. உடற்பயிற்சியின்போது பிடிஎன்எஃப் என்ற புரதம் உடலில் கூடுகிறது. 1982-இல் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது இது. நரம்பணுக்களுக்கு உரம் மாதிரி; அவை பிழைத்திருக்கவும், கிளைவிட்டு ஒன்றோடொன்று இணையவும் உதவும். கர்ப்பத்தில் உடற்பயிற்சி செய்த எலிகளின் குட்டிகளுக்கு, மூளையின் நினைவுப் பகுதியில் இது கூடியதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். மனிதக் குழந்தைக்கு அதை அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனால் பிரசவத்துக்கு அப்புறம் வரும் மனச்சோர்வைக் குறைக்க நடை உதவும். எனக்கு அதுவே பெரிய காரணமாகத் தோன்றுகிறது.

மருத்துவர் தடை சொல்லாதவரை வாரம் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பினாங்கில்தானே இருக்கிறீர்கள்? தண்ணீர்மலைப் பக்கம் தாவரவியல் பூங்காவில், வெயில் ஏறுமுன், பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் நடங்கள். தலைசுற்றலோ ரத்தக்கசிவோ இருந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.