500 ரிங்கிட்டுக்குக் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: வணக்கம் வக்கீலம்மா. பாடாங் செராயில் இருக்கிறேன். கூலிம் பக்கம், இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவிக்குப் பாகம் செய்யும் தொழிற்சாலையில் 14 வருடமாக டெக்னீஷியன். பேஸ்மேக்கரின் டைட்டானியக் கூட்டிலிருந்து கம்பி வெளியே வரும் துளையை அடைக்கும் ‘ஃபீட்த்ரூ’தான் எங்கள் லைன். நடுவில் இருக்கும் செராமிக்கையும் சுற்றியுள்ள டைட்டானிய வளையத்தையும் தங்கத்தை உருக்கி ஒட்டும்போது அது வழிந்து செராமிக்கின் மேல் ஏறிவிடும், நிறைய ரிஜெக்ட். டைட்டானிய வளையத்தின் உள்விளிம்பில் சின்னப் படி ஒன்று வெட்டினால் தங்கம் அங்கேயே நிற்கும் என்று தோன்றியது. ஒதுக்கிப் போட்ட வளையங்களை எடுத்து வந்து, ஒரு சனிக்கிழமை மச்சான் பட்டறை லேத்தில் வெட்டி, தொழிற்சாலைச் சூளையில் வைத்துப் பார்த்தேன். நின்றது! இப்போது கம்பெனி காப்புரிமைக்கு (பேட்டன்ட்) விண்ணப்பித்திருக்கிறது. கண்டுபிடித்தவர் என்று இன்ஜினியர் பெயர். எனக்கு 500 ரிங்கிட், ஒரு சான்றிதழ், கையெழுத்துப் போட ஒரு தாள். காப்புரிமை எனக்குச் சேராதா?

பதில்: தம்பி, கசப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். காப்புரிமை பெரும்பாலும் கம்பெனிக்குத்தான் போகும். அதற்காக 500 ரிங்கிட்டோடு கதை முடிந்துவிடவில்லை.

மலேசியாவின் 1983ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 20ஆவது பிரிவு உங்களைப் போன்றவர்களையும் நினைத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. கண்டுபிடிப்பது உங்கள் வேலை ஒப்பந்தத்தில் இல்லை. ஆனால் முதலாளியின் தொழில் சார்ந்த ஒன்றை, அவர் கொடுத்த தகவலையோ பொருளையோ வைத்துக் கண்டுபிடித்தால், ஒப்பந்தம் வேறு மாதிரிச் சொல்லாதவரை உரிமை முதலாளிக்கே. லேத் மச்சானுடையது, சனிக்கிழமை உங்களுடையது, சரி. வளையம் யாருடையது? சூளை யாருடையது? அங்கேதான் மாட்டுகிறோம்.

அமெரிக்காவில் வில்சன் கிரேட்பேட்ச் என்ற பொறியாளர் உடலுக்குள் பொருத்தும் பேஸ்மேக்கரை வேலையை விட்டுவிட்டு, 2,000 டாலர் சேமிப்போடு, வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் உருவாக்கினார். 1962இல் காப்புரிமை அவர் பெயரிலேயே வந்தது. கொட்டகையும் அவருடையது, காசும் அவருடையது. உங்கள் நிலைமை அப்படி இல்லை.

இனி நல்ல செய்தி. அதே பிரிவு, உங்களுக்கு நியாயமான ஊதியம் தர வேண்டும் என்கிறது. தொகையில் இரு தரப்பும் ஒத்துவராவிட்டால் நீதிமன்றம் நிர்ணயிக்கலாம். அப்போது உங்கள் சம்பளம், கண்டுபிடிப்பின் பொருளாதார மதிப்பு, அதனால் முதலாளி அடைந்த பலன் மூன்றையும் பார்க்கும். இந்த உரிமையை எந்த ஒப்பந்தத்தாலும் குறைக்க முடியாது என்றும் சட்டமே சொல்கிறது.

அப்படியானால் தாளில் கையெழுத்துப் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ‘நீதிமன்றம் நிர்ணயிக்கலாம்’ என்பது உடன்பாடு இல்லாதபோது மட்டும். “500 ரிங்கிட் முழு ஊதியமாகப் பெற்றுக்கொண்டேன்” என்று நீங்கள் எழுதிக் கொடுத்துவிட்டால், இதோ உடன்பாடு என்று அந்தத் தாளையே நீட்டுவார்கள். அதை உடைக்கலாம்தான், ஆனால் எதற்கு அந்தத் தலைவலி? ‘முழுமையான, இறுதியான’ என்ற சொற்கள் எங்கே இருக்கின்றன என்று தேடிப் பாருங்கள். சான்றிதழை வாங்கிச் சுவரில் மாட்டுங்கள், தப்பில்லை.

பெயர் விஷயம் வேறு. உரிமை கம்பெனிக்குப் போனாலும், கண்டுபிடித்தவர் பெயர் காப்புரிமையில் இருக்க வேண்டும். வேண்டாம் என்று அவரே காப்புரிமைப் பதிவாளருக்கு எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் ஒழிய நீக்க முடியாது. இன்ஜினியரும் படம் வரைந்து, அளவு கணக்கிட்டு உதவியிருந்தால் இரண்டு பெயரும் இருக்கலாம். அவரை எடுத்தவுடனே திருடன் என்று சொல்லாதீர்கள். நாளைக்கு அவரே உங்கள் சாட்சியாக வரக்கூடும்.

பணம் உடனே வராது. உடலுக்குள் வைக்கும் கருவி என்றால் காப்புரிமை கிடைத்தாலும் விற்க முடியாது. 2012ஆம் ஆண்டு மருத்துவக் கருவிச் சட்டப்படி பதிவு வேண்டும், வெளிநாட்டுக்கு அங்கங்கே தனி அனுமதி. ஆனால் ரிஜெக்ட் குறைந்ததால் உண்டான லாபம் முதல் நாளிலிருந்தே கம்பெனிக்கு வருகிறது. அதுதான் உங்கள் ஆதாரம். படி வெட்டுவதற்கு முன் ஒரு ஷிஃப்ட்டில் எத்தனை பீஸ் போனது, பின் எத்தனை என்று நினைவில் இருப்பதைத் தேதியோடு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். மச்சானோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். கம்பெனி வரைபடத்தை மட்டும் போனில் படம் எடுக்காதீர்கள். அது வேறு வழக்கு. வளையங்களை வெளியே கொண்டுவர யாரிடமாவது கேட்டீர்களா? கேட்கவில்லை என்றால் அதைக் கடிதத்தில் எழுதாமல் என்னிடம் நேரில் சொல்லுங்கள். வேலையை விட்டு நீக்க அதைத்தான் முதலில் கையில் எடுப்பார்கள்.

கோபத்தில் நீங்களே சிங்கப்பூரிலோ வேறு நாட்டிலோ விண்ணப்பிக்கக் கிளம்பாதீர்கள். இங்கே வசிப்பவர் பதிவாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல், இங்கே முதலில் விண்ணப்பித்து இரண்டு மாதம் காத்திருக்காமல் வெளிநாட்டில் விண்ணப்பித்தால் அது குற்றம். ஃபேஸ்புக்கில் வளையத்தின் படத்தைப் போடவும் வேண்டாம்.

இப்போதைக்கு எச்ஆருக்கு ஒரு மின்னஞ்சல் போதும்: “தாளைப் படித்து ஆலோசனை பெற இரண்டு வாரம் வேண்டும். கண்டுபிடித்தவர் பட்டியலில் என் பெயர் சேர்க்கப்பட வேண்டும்.” இவ்வளவுதான், ஒரு வரி கூடுதலாக வேண்டாம். அப்புறம் வேலை ஒப்பந்தம், அந்தத் தாள், நோட்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். மச்சானையும் கூட்டி வாருங்கள். வெட்டிய தேதி அவருக்குத்தான் சரியாக நினைவிருக்கும்.