நீர் திருப்பும் குடும்பத்துக்கு ஜீன் தேவையா?

அன்புள்ள அக்காவுக்கு,

மன்னார்குடியிலிருந்து எழுதுகிறேன். எம்.எஸ்ஸி. தாவரவியல் முதல் வருடம். ஒரு மாயக்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். முத்துப்பேட்டைப் பக்கம் ஒரு கடைமடை கிராமம், அங்கே ஒரு மிராசுதார் குடும்பம், அதில் சிலருக்கு மட்டும் வாய்க்காலில் போகிற தண்ணீரைக் கையசைத்துத் திருப்பும் சக்தி உண்டு. 52 புயலில் ஆரம்பித்து மூன்று தலைமுறைக்குப் போகிறது. தாத்தாவுக்கும் பாட்டிக்கும் சக்தி இருக்கிறது, அவர்கள் பெற்ற மூன்று பேருக்கும் இல்லை, பேத்திக்குத் திரும்ப வருகிறது. இதற்குக் காரணமாக ஒரு ஜீனை வைத்திருக்கிறேன். படித்துப் பார்த்த நண்பன், "மந்திரத்துக்கு எதுக்கு டிஎன்ஏ, கதையே செத்துப்போச்சு" என்கிறான். தோழி, "ரெண்டு பேருக்கும் இருந்தா பிள்ளைங்களுக்கு வந்தே ஆகணும், உன் ஜீன் தப்பு" என்கிறாள். மந்திர சக்தியை மரபியலால் விளக்க முடியுமா? விளக்கினால் அது மாயக்கதையாக இருக்குமா? ஏழு அத்தியாயம் அனுப்பியிருக்கிறேன், நேரம் கிடைத்தால் படியுங்கள்.

ம., மன்னார்குடி

அன்புள்ள ம.,

ஏழையும் படித்துவிட்டேன். புயல் ராத்திரி அத்தியாயம் நன்றாக வந்திருக்கிறது, யார் என்ன சொன்னாலும் அதில் கை வைக்காதீர்கள்.

முதலில் உங்கள் தோழிக்குப் பதில். ஒரே ஒரு ஜீன்தான், அதுவும் ஒடுங்கு பண்புதான் என்று வைத்துக்கொண்டால் அவர் சொல்வது சரி. ஒடுங்கு பண்பு என்றால் அம்மா கொடுத்ததும் அப்பா கொடுத்ததும் இரண்டுமே அந்த வகைப் பிரதியாக இருந்தால்தான் வெளியே தெரியும், இருவருக்கும் வெளியே தெரிகிறது என்றால் பிள்ளைக்குக் கொடுக்க வேறு பிரதியே அவர்களிடம் கிடையாது. ஆனால் பிறவியிலேயே காது கேளாத இருவர் கல்யாணம் செய்துகொண்டு, அவர்களுக்குப் பிறக்கிற பிள்ளைகள் அத்தனை பேருக்கும் நன்றாகக் காது கேட்பதுண்டு. ஏனென்றால் காது கேட்பதற்கு ஏகப்பட்ட ஜீன்கள் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும், அப்பாவுக்குப் பழுது ஒன்றில், அம்மாவுக்கு வேறொன்றில், பிள்ளைக்கோ இரண்டிலும் ஒரு நல்ல பிரதி கிடைத்துவிடுகிறது. உங்கள் தாத்தாவின் சக்தி ஒரு ஜீனிலிருந்தும் பாட்டி பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது இன்னொன்றிலிருந்தும் என்று வையுங்கள். மூன்று பிள்ளைகளும் சும்மா பிறப்பது தப்பே இல்லை, அப்படித்தான் பிறக்க வேண்டும்.

அப்புறம் பேத்தி. கதையில் அவள் அப்பா கட்டியிருப்பது பட்டுக்கோட்டைப் பெண்ணை, உறவு எதுவும் இல்லை. அதை மாற்றி அவருக்குப் பாட்டியின் தம்பி மகளைக் கட்டி வையுங்கள். அந்தத் தம்பிக்கும் சக்தி உண்டு என்றால் அவர் மகளிடம் ஒரு பிரதி நிச்சயம் இருக்கும், அப்பாவிடமும் பாட்டி கொடுத்தது ஒன்று இருக்கிறது, ஆக பேத்திக்கு நாலில் ஒரு வாய்ப்பு. மாமன் மகளைக் கட்டுவது நம் பக்கத்தில் யாருக்கும் வினோதமாகப் படாது, வாசகர் கவனிக்காமலே கடந்துபோவார், நீங்கள் பின்னால் அவிழ்க்கலாம்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்கச் சொல்வேன், ஏனென்றால் ஒரு நாவலுக்கான சரக்கு இதில் இருக்கிறது. ஒரு ஒடுங்கு ஜீனால் வருகிற சக்தி 10,000 பேரில் ஒருவருக்குத்தான் வெளியே தெரிகிறது என்று வையுங்கள். அப்படியானால் வெளியே தெரியாமல் ஒற்றைப் பிரதியைச் சுமந்துகொண்டு திரிகிறவர்கள் கிட்டத்தட்ட 50 பேரில் ஒருவர். 2,000 பேர் உள்ள ஊரில் 40 பேர்! சுமக்கிற ஒருவன் முன்பின் தெரியாத ஊரில் பெண் எடுத்தால் சக்தியுள்ள பிள்ளை பிறக்க 200-இல் ஒரு வாய்ப்பு, மாமன் மகளைக் கட்டினால் 32-இல் ஒன்று, அக்கா மகளைக் கட்டினால் 16-இல் ஒன்று. சக்தி வேண்டும் என்பதற்காகவே ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாக அக்கா மகளையே கட்டிக்கொண்டிருக்கும் என்றால் அது கதை. அதோடு மற்ற ஒடுங்கு ஜீன்களும் சேர்ந்து வெளியே வரும் என்பதை மறக்கக் கூடாது, பேசாத குழந்தை, ஒரு வயது தாண்டாத குழந்தை என்று. மிராசுதார் வீட்டில் அந்தக் குழந்தைகளைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

இப்படிக் கணக்குப் போடுவது உங்களுக்கு மட்டும் தோன்றியதில்லை. ஹாரி பாட்டர் கதைகளில் சாதாரணப் பெற்றோருக்கு மந்திரக்காரப் பிள்ளை பிறப்பதையும் மந்திரக்காரக் குடும்பத்தில் வெறும் பிள்ளை பிறப்பதையும் வைத்துக்கொண்டு, அந்தச் சக்தி ஒடுங்கு பண்புதான் என்று 2005-இல் நேச்சர் இதழுக்கே மூன்று பேர் கடிதம் எழுதினார்கள், அதற்கு மறுப்பும் அதே இதழில் வந்தது. விளையாட்டாக எழுதியதுதான், ஆனாலும் அதில் எனக்கு ஒரு ஏமாற்றம் உண்டு. சக்தி யாருக்கு வரும் என்பதில்தான் எல்லோருக்கும் ஆர்வம். ஜீன் உடம்புக்குள் என்ன செய்கிறது என்ற கேள்விக்கு யாரும் போவதில்லை, நீங்களும் போகவில்லை. உங்கள் நண்பனுக்குக் கதை செத்துப்போனதாகத் தோன்றுவது டிஎன்ஏவால் அல்ல என்று நினைக்கிறேன். உங்கள் கதையில் ஜீன் ஒரு ரேஷன் கார்டு மாதிரி இருக்கிறது, இருந்தால் சக்தி கிடைக்கும், இல்லாவிட்டால் கிடையாது, அவ்வளவுதான்.

தாவரவியல் படிக்கிறவர் நீங்கள், நெல்லைப் பாருங்கள். ஐ.ஆர். 8 எப்படி வந்தது? இந்தோனேசியாவின் உயரமான பீட்டா நெல்லையும் தைவானின் குட்டை ரகம் ஒன்றையும் பிலிப்பைன்ஸில் ஒட்டுச் சேர்த்தார்கள். முதல் தலைமுறை முழுக்க உயரம். அடுத்த தலைமுறையில் கிட்டத்தட்ட கால்வாசி குட்டை, மெண்டல் பட்டாணியில் பார்த்த அதே மூன்றுக்கு ஒன்று. அதிலிருந்து தேர்ந்தெடுத்து 1966-இல் வெளியிட்டதுதான் உரம் போட்டாலும் சாயாமல் நின்று பட்டினியை விரட்டிய நெல். (தமிழ்நாட்டு விவசாயி ஒருவர் தன் மகனுக்கு ஐஆர்எட்டு என்றே பெயர் வைத்தார், நான் இட்டுக்கட்டவில்லை.) இதில் எனக்குப் பிடித்த இடம் என்னவென்றால், அந்தக் குட்டைத்தனத்துக்குக் காரணமான ஜீன் புதிதாக எதையும் செய்வதில்லை. பயிரை உயரவைக்கிற ஜிப்பரெல்லின் என்ற ஹார்மோனைத் தயாரிக்க வேண்டிய ஒரு நொதி கெட்டுப்போனதுதான் விஷயம். களஞ்சியம் நிறைந்தது ஒன்று கெட்டதால்.

ஒடுங்கு பண்புகள் பலவும் இப்படித்தான், ஏதோ ஒன்று இல்லாமல் போவதால் வெளியே தெரிபவை. அப்படியானால் உங்கள் மிராசுதார் குடும்பத்திடம் கூடுதலாக எதுவும் இல்லை. தண்ணீர் யார் கையசைத்தாலும் கேட்கும், ஆனால் மனித உடம்பில் அதைத் தடுக்கிற ஏதோ ஒன்று இருக்கிறது, அந்தத் தடுப்பைக் கட்ட இரண்டு ஜீன் வேண்டும், தாத்தா வீட்டில் ஒன்று பழுது, பாட்டி வீட்டில் மற்றது பழுது. மேலே சொன்ன கணக்குக்கும் இது அச்சாகப் பொருந்துகிறது. தாங்கள் உயர்ந்தவர்கள் என்று மூன்று தலைமுறையாக நினைத்துக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு, தங்களிடம் இருப்பது ஒரு குறை என்று தெரியவரும் இடம் எப்படி இருக்கும்? அந்தத் தடுப்பு எதற்காக இருந்தது என்ற கேள்வி அப்புறம் வரும் பாருங்கள், தண்ணீர் வேறு என்னென்ன சொல்லுக்கெல்லாம் கேட்கும் என்று.

இன்னொரு நெல்லும் உண்டு. சி.ஆர். 1009 சப் 1, உங்கள் ஊர்ப் பக்கம் சம்பாவுக்குப் போடுகிறார்கள். ஒடிசாவின் பழைய ரகம் ஒன்றில் இருந்த ஒரு ஜீனை எடுத்து, ஒட்டுச் சேர்த்துச் சேர்த்துக் கொண்டுவந்து வைத்தது. மழை வெள்ளத்தில் முழுக முழுக இரண்டு வாரம் கிடந்தாலும் வடிந்ததும் எழுந்துகொள்ளும். சாதாரண நெல் தண்ணீருக்கடியில் மூச்சு முட்டி மேலே வரப் பார்த்து நீண்டு நீண்டு, சேர்த்துவைத்த மாவுச்சத்தையெல்லாம் செலவழித்துவிட்டுச் சாகிறது. சப் 1 ஜீன் செய்வது ஒன்றுதான், நீளாதே, சும்மா இரு என்று பயிரை அடக்கிவைப்பது. வெள்ளம் வராத வருஷம் அந்த வயலைப் பார்த்தால் பக்கத்து வயலுக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது. உங்கள் பேத்திக்கும் சக்தி எப்போதும் கையில் இருக்க வேண்டியதில்லையே. எந்த நெருக்கடியில் எழும், எழும்போது உடம்பிலிருந்து எதை எடுத்துக்கொள்ளும் என்று யோசியுங்கள். இதை யோசித்துவிட்டால் ஜீன் இருப்பதை வாசகரிடம் சொல்லக்கூடத் தேவையில்லை.

சரி, ஜீனால் முடியாதது எது? மந்திரச் சொல். மூன்றாம் அத்தியாயத்தில் தாத்தா ஒரு பழைய வெண்பாவைச் சொல்லித்தான் தண்ணீரைத் திருப்புகிறார், ஒரு சீர் தப்பினால் திரும்பாது என்கிறீர்கள். ஜீன் புரதம் தயாரிக்கும், எப்போது எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளும், அதற்கு வெண்பா தெரியாது. சொல் முக்கியம் என்றால் சக்தி சொல்லில் இருக்கிறது, கற்றுக்கொண்டவர் யாரும் செய்யலாம். குந்தி துர்வாசரிடம் வாங்கிய மந்திரத்தை மாத்ரிக்குச் சொல்லிக்கொடுத்தாள், அதுவும் பலித்தது, நகுலனும் சகாதேவனும் வந்தார்கள். கர்ணன் கவச குண்டலத்தோடு பிறந்தான், அவன் பிள்ளைகள் யாரும் அப்படிப் பிறக்கவில்லை. பாரதத்தில் ஜீன் மாதிரி வருவது கடோத்கசனின் மாயைதான், அம்மா வழி. நம் கதைகளில் வரம், தவம், உபதேசம், சாபம் என்று எல்லா வழியும் உண்டு, எல்லாவற்றையும் ஒரே குடும்பத்துக்குள் போட்டுக் குழப்பாதீர்கள். வெண்பாவா ஜீனா, ஒன்றை வையுங்கள். இரண்டும் வேண்டும் என்றால், தாத்தா வெண்பா என்று நம்புகிறார், உண்மையில் அது தேவையே இல்லை என்று வையுங்கள், அதுவும் நன்றாக இருக்கும்.

ஒரே ஜீன் போதுமா என்று யாராவது கேட்டால், நிஜத்தில் பெரும்பாலான குணங்களுக்குப் போதாது. மனித உயரத்தைப் பற்றி 2022-இல் வந்த ஆய்வில் 54 லட்சம் பேரின் மரபணுத் தகவலை அலசி, உயரத்தோடு தொடர்புள்ள சுமார் 12,000 வேறுபாடுகளைக் கண்டார்கள். உயரத்துக்கே அவ்வளவு. ஆனால் கதைக்கு ஒன்றிரண்டு போதும், இதில் நான் கறார் பேசமாட்டேன்.

கறாராகப் பேச வேண்டியது வேறு இடத்தில். உங்கள் கதையில் சக்தி மிராசுதார் வீட்டில் மட்டும் இருக்கிறது, பண்ணையாள் தெருவில் ஒருவருக்கும் இல்லை. கதை 1952-இல் தொடங்குகிறது, தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த வருஷம். அப்படிப்பட்ட வருஷத்தில், தண்ணீர் இவர்கள் ரத்தத்துக்குத்தான் கட்டுப்படும் என்று ஒரு மாயக்கதை சொன்னால், அதற்கு டிஎன்ஏ என்று ஒரு சட்டையையும் மாட்டிவிட்டால், அது என்ன சொல்வதாக ஆகிவிடும் என்று உங்களுக்கே தெரியும். குடும்பத்தில் வருவதெல்லாம் ஜீனும் அல்ல. நாகஸ்வர வித்வான் ஷேக் சின்ன மௌலானா ஆந்திராவின் கரவதியில் பிறந்தவர், அவர் வாசித்த தஞ்சாவூர் பாணி நாச்சியார்கோவில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டது.

ஆனால் ஜீனை வைத்ததாலேயே உங்களுக்கு ஒரு வழி கிடைத்திருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஜீன் தெரு பார்க்காது. மேலே சொன்ன கணக்குப்படி சுமக்கிறவர்கள் எங்கும் இருப்பார்கள், மிராசுதார் வீட்டு ஆண்கள் எங்கெல்லாம் போனார்களோ அங்கெல்லாம் இன்னும் அதிகமாக இருப்பார்கள். புயல் முடிந்த மறுநாள் பண்ணையாள் தெருவில் ஆறு வயதுப் பையன் ஒருவன் கையசைக்க, தேங்கிய தண்ணீர் விலகுகிறது. அவன் அம்மா ஒரு வார்த்தை பேசுவதில்லை. தாத்தாவுக்குப் புரிந்துவிடும், பாட்டிக்கும் புரிந்துவிடும். தடுப்பு ஜீன் கணக்குப்படி அந்தப் பையனுக்கு இரண்டு பக்கமும் பிரதி வேண்டும், அவன் அம்மாவிடமும் ஒன்று இருந்தாக வேண்டும், அப்படியானால் அதற்கு முந்தின தலைமுறையிலும் ஒன்று நடந்திருக்கலாம். இதை நீங்கள் எழுதினால் உங்கள் நண்பன் டிஎன்ஏ பற்றி வாய் திறக்கமாட்டான்.

ஏழாம் அத்தியாயத்தில் தஞ்சாவூரிலிருந்து வரும் டாக்டர் இரண்டு பக்கத்துக்கு ஜீன் பாடம் நடத்துகிறாரே, அவரை எடுத்துவிடுங்கள். பேத்திக்கு ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை கொடுங்கள், அங்கே 1922-இலிருந்து நெல்லைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். விதை வயலில் கலவன் (ரகம் மாறி முளைத்த பயிர்) பிடுங்கிக்கொண்டிருக்கும்போது ஏன் இது மட்டும் உயரமாக நிற்கிறது, இதன் தாய் எது, தகப்பன் எது என்று பழகிப்போன கண், ஒரு நாள் சொந்த வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளை வரிசையாக எடுத்து வைத்துப் பார்க்கட்டும். பாடம் நடத்த ஆள் வேண்டாம்.

ஊர்ப் பெயரையும் மாற்றிவிடுங்கள். நீங்கள் வைத்திருக்கும் பெயரில் நிஜமாகவே ஒரு ஊர் இருக்கிறது, அங்கே நிஜமாகவே ஒரு மிராசுதார் வீடும் இருக்கிறது, அவர்களில் இரண்டு பேர் நான் எழுதுவதைப் படிக்கிறவர்கள்.

அன்புடன்,
அக்கா
கும்பகோணம்